ஒரே டொமைனில் இரண்டு ஜாங்கோ செயலிகள்: பாதை முன்னொட்டு மாற்றம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரு கல்வி நிறுவனத்தின் ஆய்வகக் கருவிகளை ஆசிரியர்களும் ஆராய்ச்சி மாணவர்களும் முன்பதிவு செய்வதற்கான இணையச் செயலி ஒன்று சில ஆண்டுகளாகத் தனிச் சப்டொமைனில் இயங்கிவந்தது. பைத்தான் மொழியின் இணையக் கட்டமைப்பான ஜாங்கோ 4.2-இல் எழுதப்பட்ட அந்தச் செயலியைக் குனிகார்ன் என்ற பைத்தான் செயலி சர்வர் இயக்கியது; அதற்கு முன்னால், உலாவியின் கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் ப்ராக்ஸியாக என்ஜின்எக்ஸ் என்ற இணையச் சர்வர் நின்றது. வருகைப்பதிவு, கட்டணம், அறிவிப்புகள் ஆகியவை அடங்கிய முதன்மை மாணவர் தளத்தை வேறொரு குழு பராமரித்தது. அதுவும் ஜாங்கோவில் எழுதப்பட்டதுதான். இரண்டுக்கும் தரவுத்தளங்கள் தனித்தனி. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் மட்டும் ஒரே எல்டாப் அடைவில் (பயனர் கணக்குகளின் மையப் பட்டியலில்) சரிபார்க்கப்பட்டன. பின்னால் நேர்ந்த குழப்பத்தைப் புரிந்துகொள்ள இந்தக் கடைசித் தகவல் அவசியம்.

வெளியுலகுக்குத் திறந்திருக்கும் முகவரிகளைக் குறைக்குமாறு நிறுவனத்தின் வலையமைப்புப் பிரிவு கேட்டுக்கொண்டது. ஒரே டொமைன், ஒரே சான்றிதழ், ஒரே ஃபயர்வால் விதித்தொகுப்பு என்றால் அவர்களுக்குப் பராமரிப்பு எளிது. எனவே முன்பதிவுச் செயலி சப்டொமைனை விட்டு, முதன்மை டொமைனிலேயே '/புக்கிங்/' என்ற பாதை முன்னொட்டின் கீழ் வர வேண்டும் என்று முடிவாயிற்று. முன்பதிவுக் குழுவில் மூத்தவர் ஒருவரும் இளையவர் ஒருவருமாக இரண்டு நிரலாளர்களும் ஒரு சர்வர் நிர்வாகியும் இருந்தனர். நான் இரண்டாம் கட்டத்திலிருந்து ஆலோசனைக்காக அவர்களுடன் இருந்தேன். முதல் கட்டம் பற்றி இங்கே இருப்பவை சர்வர் பதிவுகளிலிருந்தும் அவர்கள் மூவரிடமும் கேட்டறிந்தவற்றிலிருந்தும் எழுதப்பட்டவை. பாதைகளும் அமைப்புப் பெயர்களும் ஒலிபெயர்ப்பில் தரப்பட்டுள்ளன.

முன்னொட்டு வாழக்கூடிய இரண்டு இடங்கள்

பைத்தான் இணையச் செயலிகளுக்குப் பாதை முன்னொட்டு புதிய சிக்கல் அன்று. சர்வரும் செயலியும் பேசிக்கொள்வதற்கான டபிள்யூஎஸ்ஜிஐ இடைமுகம் 2003-இல் பெப் 333 என்ற ஆவணமாக வகுக்கப்பட்டு, 2010-இல் பைத்தான் 3-ஐக் கருதி பெப் 3333 ஆகத் திருத்தப்பட்டது. பழைய சிஜிஐ முறையில் இருந்த இரண்டு மாறிகளை அது அப்படியே எடுத்துக்கொண்டது. செயலி எந்தப் பாதையின் கீழ் பொருத்தப்பட்டிருக்கிறதோ அந்த முன்பகுதி 'ஸ்கிரிப்ட்_நேம்' என்பதில் வரும். எஞ்சிய பகுதி 'பாத்_இன்ஃபோ' என்பதில் வரும். ஜாங்கோ தன் வழித்தடப் பட்டியலோடு (எந்தப் பாதைக்கு எந்தப் பக்கம் என்ற பட்டியல்) ஒப்பிடுவது பாத்_இன்ஃபோவை மட்டுமே. 'ரிவர்ஸ்' செயற்கூறு மூலமாகவோ டெம்ப்ளேட்டில் (பக்க வார்ப்புருவில்) உள்ள 'யூஆர்எல்' குறி மூலமாகவோ ஒரு முகவரியை உருவாக்கும்போது, ஸ்கிரிப்ட்_நேமை அது தானாகவே முன்னால் சேர்த்துக்கொள்ளும்.

ஆகவே '/புக்கிங்/' என்ற முன்னொட்டுக்கு இரண்டு இடங்கள் உண்டு. செயலியின் வழித்தடப் பட்டியலுக்குள்ளேயே அதை எழுதலாம். அப்போது செயலி தான் டொமைனின் வேரில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும், அதன் எல்லா வழித்தடங்களும் 'புக்கிங்' என்று தொடங்கும். அல்லது வழித்தடங்களைத் தொடாமல், 'நீ இந்தப் பாதையின் கீழ் இருக்கிறாய்' என்று வெளியிலிருந்து செயலிக்குச் சொல்லலாம். இரண்டுமே சரியான முறைகள்தான். ஆனால் எந்த முறை என்பதைச் செயலியை எழுதுபவரும் ப்ராக்ஸியை அமைப்பவரும் ஒன்றாக உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டும். இந்த நிகழ்வில் அந்த உரையாடல் நடக்கவில்லை.

முதல் கட்டம்: வழித்தடப் பட்டியலில் முன்னொட்டு

மூத்த நிரலாளர் முதல் முறையைத் தேர்ந்தெடுத்தார். வேர் வழித்தடக் கோப்பில் இருந்த அனைத்தையும் 'இன்க்ளூட்' மூலம் ஒரே வரியின் கீழ் கொண்டுவந்து, அந்த வரிக்கு 'புக்கிங்/' என்று முன்னொட்டு கொடுத்தார். அவர் சொன்ன காரணம் நியாயமானது: தன் மடிக்கணினியில் எப்படி இயங்குகிறதோ அப்படியே சர்வரிலும் இயங்கும், ப்ராக்ஸி அமைப்பைச் சார்ந்திருக்க வேண்டியதில்லை.

அதே நேரத்தில் சர்வர் நிர்வாகி, முன்னொட்டை நீக்கிவிட்டுச் செயலிக்கு அனுப்புவதே வழக்கம் என்று கருதி, என்ஜின்எக்ஸில் '/புக்கிங்' என்ற இறுதிச் சாய்கோடு இல்லாத 'லொக்கேஷன்' (ஒரு பாதைக்கான விதி) ஒன்றை எழுதி, கோரிக்கையை எங்கே அனுப்புவது என்று சொல்லும் 'ப்ராக்ஸி_பாஸ்' முகவரியின் முடிவில் மட்டும் சாய்கோடு வைத்தார். ப்ராக்ஸி_பாஸில் பாதை எதுவும் (ஒற்றைச் சாய்கோடு உட்பட) இருந்தால், லொக்கேஷனோடு பொருந்திய பகுதியை நீக்கிவிட்டு அந்த இடத்தில் இந்தப் பாதையை வைப்பது என்ஜின்எக்ஸின் விதி. விளைவாக '/புக்கிங்/கருவிகள்/' என்ற கோரிக்கை செயலிக்கு '//கருவிகள்/' என்று போய்ச் சேர்ந்தது. முன்னொட்டும் போயிற்று, சாய்கோடும் இரட்டிப்பாயிற்று. எல்லாப் பக்கங்களும் 404 (பக்கம் இல்லை). இதைக் கண்டதும் ப்ராக்ஸி_பாஸிலிருந்த சாய்கோட்டை நீக்கி, லொக்கேஷனை '/புக்கிங்/' என்று திருத்தினார்கள். கோரிக்கை பிறகு வந்தபடியே செயலிக்குச் சென்றது, பக்கங்கள் திறந்தன.

அடுத்து பக்கங்களின் தோற்றம் மாறியிருப்பது தெரிந்தது. '/ஸ்டாடிக்/' என்ற பாதை இப்போது மாணவர் தளத்துக்குச் சொந்தம். அங்கேயும் அதே பெயரில் ஒரு சிஎஸ்எஸ் கோப்பு இருந்ததால், பிழை எதுவும் இல்லாமல் மாணவர் தளத்தின் வண்ணங்களில் முன்பதிவுப் பக்கம் திறந்தது. ஸ்டாடிக்_யூஆர்எல் அமைப்பை '/புக்கிங்/ஸ்டாடிக்/' என்று மாற்றி, என்ஜின்எக்ஸில் அதற்குத் தனி லொக்கேஷனும் எழுதினார்கள். பழைய சப்டொமைனுக்கு வருவோரைப் புதிய முகவரிக்கு அனுப்ப 301 என்ற நிரந்தரத் திசைதிருப்பலை வைத்தார்கள். வார இறுதியில் இருவரும் பக்கத்தின் மேலே இருந்த 'உள்நுழைக' இணைப்பைச் சொடுக்கி உள்ளே சென்று, ஒரு கருவியை முன்பதிவு செய்து, ரத்து செய்து பார்த்தார்கள். குறை தெரியவில்லை.

திங்கட்கிழமை காணப்பட்டவை

வேலை நாள் தொடங்கியதும் வந்த முதல் புகார், 'கடவுச்சொல் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் லாகின் பக்கமே திரும்பத் திரும்ப வருகிறது' என்பது. அடுத்த புகார் மாணவர் தளக் குழுவிடமிருந்து வந்தது: காரணமில்லாமல் பயனர்கள் வெளியேற்றப்படுகிறார்கள். மூன்றாவதாக, முன்பதிவு நாட்காட்டி வெறுமையாக இருப்பதாகச் சொன்னார்கள்.

மூன்றாவதன் காரணம் எளியது. நாட்காட்டியின் ஜாவாஸ்கிரிப்ட் '/ஏபிஐ/ஸ்லாட்ஸ்/' என்று சாய்கோட்டில் தொடங்கும் முகவரியை நேரடியாக எழுதி வைத்திருந்தது. அது மாணவர் தளத்துக்குப் போய் 404 பக்கத்தை எச்டிஎம்எல்லாக வாங்கிவந்தது. ஜேசன் வடிவத் தரவை எதிர்பார்த்த நிரல் அமைதியாக நின்றுவிட்டது.

முதல் இரண்டு புகார்களையும் என்ஜின்எக்ஸ் அணுகல் பதிவில் ஒரே பயனரின் வரிகளைப் பின்தொடர்ந்தபோது புரிந்துகொள்ள முடிந்தது. '/புக்கிங்/கருவிகள்/' கேட்கப்பட்டது, 302 (தற்காலிகத் திசைதிருப்பல்). அடுத்து '/அக்கவுண்ட்ஸ்/லாகின்/', 200 (வெற்றி). அதே முகவரிக்கு போஸ்ட் (படிவத் தரவை அனுப்பும் கோரிக்கை), 302. மறுபடி '/புக்கிங்/கருவிகள்/', 302. மறுபடி '/அக்கவுண்ட்ஸ்/லாகின்/', 200. லாகின் முகவரியில் 'புக்கிங்' என்ற முன்னொட்டே இல்லை.

லாகின்_யூஆர்எல் என்ற அமைப்பைக் குழு ஒருபோதும் எழுதியதில்லை. எழுதாதபோது ஜாங்கோ எடுத்துக்கொள்ளும் இயல்பு மதிப்பு '/அக்கவுண்ட்ஸ்/லாகின்/' என்ற சரம். அது வழித்தடத்தின் பெயர் அன்று, முழுப் பாதை. அதற்கு முன்னொட்டு சேராது. மாணவர் தளமும் அதே இயல்புப் பாதையில்தான் தன் லாகின் பக்கத்தை வைத்திருந்தது. எனவே உள்நுழையாத பயனர் முன்பதிவுப் பக்கம் ஒன்றைத் திறந்தால், மாணவர் தளத்தின் லாகின் பக்கம் வந்தது. இரண்டுக்கும் எல்டாப் பொது என்பதால் கடவுச்சொல் அங்கே ஏற்கப்பட்டது. உள்நுழைந்ததும் எங்கே செல்வது என்று சொல்லும் 'நெக்ஸ்ட்' அளபுருவில் இருந்த முகவரி அதே டொமைனைச் சேர்ந்தது என்பதால் மாணவர் தளம் அதைப் பாதுகாப்பானதாகக் கருதி, பயனரை முன்பதிவுச் செயலிக்குத் திருப்பி அனுப்பியது. முன்பதிவுச் செயலியின் செஷன் (உள்நுழைவுப் பதிவு) அட்டவணையிலோ அப்படியொரு செஷன் இல்லை. ஆகவே மறுபடி லாகின். வார இறுதியில் சோதித்தவர்கள் சொடுக்கிய 'உள்நுழைக' இணைப்பு வழித்தடப் பெயரிலிருந்து உருவானது, சரியான முன்னொட்டோடு இருந்தது. அதனால்தான் இது அப்போது வெளிப்படவில்லை. பாதை தவறாகி 404 வந்திருந்தால் சில நிமிடங்களில் கண்டுபிடித்திருப்பார்கள். தவறான இடத்தில் முறையான பக்கம் ஒன்று திறந்ததுதான் இந்தச் சிக்கலைக் கடினமாக்கியது.

மாணவர் தளத்திலிருந்து பயனர்கள் வெளியேற்றப்பட்டது குக்கி (தளம் உலாவியில் வைக்கும் சிறு தரவு) மோதலால். இரண்டு செயலிகளின் செஷன் குக்கியும் ஜாங்கோவின் இயல்புப் பெயரான 'செஷன்ஐடி' என்பதே. இரண்டின் பாதையும் '/'. முன்பு ஹோஸ்ட் பெயர்கள் வேறு என்பதால் உலாவி அவற்றைத் தனித்தனியாக வைத்திருந்தது. ஒரே ஹோஸ்ட் ஆனதும் பெயர், டொமைன், பாதை மூன்றும் ஒன்றாகிவிட, ஒன்று மற்றொன்றை அழித்து எழுதியது. அதோடு நிற்கவில்லை. தனக்குத் தெரியாத செஷன் எண்ணோடு கோரிக்கை வந்து, அதைப் படித்துப் பார்த்து செஷன் வெறுமை என்று தெரிந்தால், ஜாங்கோவின் செஷன் மிடில்வேர் அந்தக் குக்கியை நீக்கச் சொல்லிப் பதில் தலைப்பில் எழுதும். உலாவியின் டெவலப்பர் கருவியில், '/புக்கிங்/கருவிகள்/' தந்த 302 பதிலில், 1970 ஜனவரி 1 என்ற காலாவதித் தேதியோடு வெறுமையான 'செஷன்ஐடி' வந்ததைப் பார்க்க முடிந்தது. அதாவது மாணவர் தளத்தில் உள்நுழைந்திருந்த ஒருவர் முன்பதிவுப் பக்கத்தை ஒருமுறை திறந்தாலே போதும், மாணவர் தளத்திலிருந்தும் வெளியேற்றப்பட்டார்.

படிவம் அதே தளத்திலிருந்துதான் வருகிறதா என்று உறுதிசெய்ய உதவும் சிஎஸ்ஆர்எஃப் குக்கியும் இதே போல மோதியது. உள்நுழைவின்போது ஜாங்கோ அந்தக் குக்கியின் மதிப்பைப் புதுப்பிக்கும். எனவே ஒரு செயலியில் உள்நுழைந்ததும் மற்றொரு செயலியில் ஏற்கனவே திறந்து வைத்திருந்த படிவத்தைச் சமர்ப்பித்தால் 403 (அனுமதி மறுப்பு) வந்தது. நீண்ட விண்ணப்பத்தை நிரப்பி முடித்த ஒருவருக்கு இது எவ்வளவு வேதனை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பின்வாங்கலும் அதன் சிக்கலும்

நண்பகலில் குழு பழைய நிலைக்குத் திரும்ப முடிவெடுத்தது. மாணவர் தளம் கட்டணம் செலுத்தும் இடம். அதைப் பாதிக்கவிட்டு முன்பதிவைச் சரிசெய்துகொண்டிருக்க முடியாது என்ற அந்த முடிவு சரியானது. செயலி சப்டொமைனுக்குத் திரும்பியது. '/புக்கிங்/' பாதைக்கு வருவோரைச் சப்டொமைனுக்கு அனுப்ப 302 திசைதிருப்பல் வைக்கப்பட்டது.

உடனே சிலரது உலாவியில் 'திசைதிருப்பல்கள் மிக அதிகம்' என்ற பிழை வந்தது. காலையில் அவர்கள் வாங்கிய 301 பதிலை உலாவி நினைவில் வைத்திருந்தது. சப்டொமைன் முகவரியைக் கேட்டால் சர்வரைக் கேட்காமலே '/புக்கிங்/'குச் சென்றது. அங்கிருந்து 302 மூலம் சப்டொமைனுக்கு. மறுபடி நினைவிலிருந்த 301. சர்வரில் எதைத் திருத்தினாலும் இந்த உலாவிகள் சர்வரின் சப்டொமைன் பக்கத்தைத் தொடவே இல்லை.

சர்வர் நிர்வாகி இதற்குக் கண்ட வழி நல்ல வழி. 302 போகும் முகவரியின் முடிவில் 'ஆர்=1' என்ற வினவல் அளபுருவைச் சேர்த்தார். உலாவியின் நினைவு வினவல் பகுதி உட்பட முழு முகவரியையும் வைத்தே செயல்படுவதால், இது அதற்குப் புதிய முகவரி. நினைவில் திசைதிருப்பல் இல்லை. சர்வரைக் கேட்டது, பக்கம் திறந்தது. எல்லாரையும் உலாவித் தரவை அழிக்கச் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.

இரண்டாம் கட்டம்: முன்னொட்டை வெளியே எடுத்தல்

அடுத்த வாரம் சோதனைச் சர்வர் ஒன்றில் புதிதாகத் தொடங்கினோம். வழித்தடப் பட்டியலைப் பழைய வடிவுக்குத் திருப்பி, முன்னொட்டை வெளியிலிருந்து சொல்வது என்று முடிவாயிற்று. செயலி நிறுவனத்துக்குள் மூன்று இடங்களில் மூன்று விதமாக இயங்குகிறது: நிரலாளர் கணினியில் வேரில், சோதனைச் சர்வரில் ஒரு பாதையில், நேரடிச் சர்வரில் வேறொரு பாதையில். வழித்தடக் கோப்பை இடத்துக்கு இடம் மாற்றுவது முறையன்று. ஜாங்கோவுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்திருந்தால் பல சிறு விஷயங்கள் தாமாகவே சரியாகும் என்பதும் ஒரு காரணம். உதாரணமாக, நிர்வாகப் பக்கத்தின் மேலே உள்ள 'தளத்தைப் பார்' இணைப்பு முதல் கட்டத்தில் மாணவர் தளத்துக்குப் போனது. ஸ்கிரிப்ட்_நேம் சரியாக வந்ததும் அது முன்பதிவின் முகப்புக்குப் போகத் தொடங்கியது.

முதலில் குனிகார்னின் வசதியைப் பயன்படுத்தினோம். லினக்ஸில் சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டியின் சேவைக் கோப்பில் ஸ்கிரிப்ட்_நேம் என்ற சூழல் மாறியை '/புக்கிங்' என்று வைத்தால், குனிகார்ன் வரும் பாதையிலிருந்து அதைக் கழித்து எஞ்சியதைப் பாத்_இன்ஃபோவாகக் கொடுக்கும். இதற்கு என்ஜின்எக்ஸ் முழுப் பாதையையும் கழிக்காமல் அனுப்ப வேண்டும். உலாவியில் எல்லாம் சரியாக வந்தது. ஆனால் இரண்டு இடங்களில் உடைந்தது.

ஒன்று, கண்காணிப்பு. ஹெல்த் செக் நிரல் என்ஜின்எக்ஸைத் தாண்டி நேரே குனிகார்னின் போர்ட்டில் '/ஹெல்த்/' என்று கேட்டுக்கொண்டிருந்தது. ஸ்கிரிப்ட்_நேம் வைக்கப்பட்ட குனிகார்ன், அந்த முன்னொட்டோடு தொடங்காத பாதையை ஏற்பதில்லை. ஒவ்வொரு சோதனையும் பிழையாகவே முடிந்தது.

மற்றொன்று, மின்னஞ்சல். மறுநாள் முன்பதிவு உள்ளவர்களுக்கு நினைவூட்டல் அனுப்பும் கட்டளையை ஒவ்வொரு மாலையும் கிரான் (குறித்த நேரத்தில் கட்டளைகளை இயக்கும் நிரல்) இயக்கும். சோதனையாக அனுப்பிய நினைவூட்டலில் இணைப்பு முன்னொட்டு இல்லாமல் இருந்தது. முகவரியை உருவாக்கியது அதே ரிவர்ஸ்தான். ஆனால் கிரான் இயக்கும் கட்டளைக்குப் பின்னால் கோரிக்கை என்ற ஒன்றே இல்லை, ஆகவே ஸ்கிரிப்ட்_நேமும் இல்லை. சிஸ்டம்டி கோப்பில் இருந்த மாறி கிரானுக்குத் தெரியாது. முதல் கட்டத்து முறையில் இந்தக் குறை நேர்ந்திருக்காது என்பதையும் இங்கே நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும்: முன்னொட்டு வழித்தடத்திலேயே எழுதப்பட்டிருந்தால் ரிவர்ஸ் எங்கிருந்து அழைக்கப்பட்டாலும் அதைச் சேர்த்துக்கொள்ளும். இளைய நிரலாளர் உடனடித் தீர்வாக, மின்னஞ்சலுக்கான அடிப்படை முகவரி அமைப்பின் முடிவில் '/புக்கிங்' என்று சேர்த்தார். நினைவூட்டல் சரியாயிற்று, முன்பதிவு செய்த உடனே கோரிக்கைக்குள்ளிருந்தே போகும் உறுதிப்படுத்தல் மின்னஞ்சலில் '/புக்கிங்/புக்கிங்/' என்று வந்தது. அந்த மாற்றம் திரும்பப் பெறப்பட்டது.

இறுதி முடிவு

பிறகு முன்னொட்டை ஒரே ஒரு இடத்தில், செயலியின் சூழல் கோப்பில் வைப்பது என்று முடிவெடுத்தோம். அமைப்புக் கோப்பே அதைப் படிக்கும் என்பதால், குனிகார்ன் தொடங்கினாலும் கிரான் தொடங்கினாலும் ஒரே மதிப்பு கிடைக்கும். அந்த மதிப்பிலிருந்து ஃபோர்ஸ்_ஸ்கிரிப்ட்_நேம், ஸ்டாடிக்_யூஆர்எல், குக்கிகளின் பாதை ஆகியவை உருவாகின்றன. ஃபோர்ஸ்_ஸ்கிரிப்ட்_நேம் இருந்தால் ஜாங்கோ சர்வர் சொல்வதைப் புறக்கணித்து அதையே முன்னொட்டாகக் கொள்ளும். கட்டளை வரியிலிருந்து இயங்கும்போதும் தொடக்கத்திலேயே அதை எடுத்துக்கொள்ளும். குனிகார்னிலிருந்து ஸ்கிரிப்ட்_நேம் நீக்கப்பட்டது. ஃபோர்ஸ்_ஸ்கிரிப்ட்_நேம் பாதையிலிருந்து எதையும் கழிப்பதில்லை என்பதால், கழிக்கும் வேலை என்ஜின்எக்ஸுக்குப் போயிற்று: லொக்கேஷன் '/புக்கிங்/', ப்ராக்ஸி_பாஸின் முடிவிலும் சாய்கோடு. இரண்டிலும் சாய்கோடு இருக்க வேண்டும் என்பதை அமைப்புக் கோப்பிலேயே குறிப்பாக எழுதினோம். குனிகார்னுக்கு முன்னொட்டு பற்றி எதுவும் தெரியாது என்பதால் நேரடி ஹெல்த் செக் பழையபடி வேலை செய்தது.

ஸ்டாடிக்_யூஆர்எல்லைப் பற்றிச் சற்று விளக்க வேண்டும். ஜாங்கோ 3.1 முதல், அந்த அமைப்பைச் சாய்கோடு இல்லாமல் 'ஸ்டாடிக்/' என்று எழுதினால் முன்னொட்டு தானாகச் சேரும். அதை நம்பியிருக்கலாம் என்று முதலில் நினைத்தோம். ஆனால் அந்த மதிப்பு முதன்முறை படிக்கப்படும்போது கணக்கிடப்பட்டு அப்படியே நினைவில் வைக்கப்படுகிறது. டபிள்யூஎஸ்ஜிஐ வழியாகத் தொடங்கும்போது, முதல் கோரிக்கை வரும்வரை முன்னொட்டு '/' தான். எங்கள் செயலியில் ஒரு மாட்யூல் இறக்குமதியாகும்போதே ஸ்டாடிக்_யூஆர்எல்லைப் படித்தது. அதனால் செயலி இயங்கும் காலம் முழுவதும் முன்னொட்டு இல்லாத மதிப்பே எல்லா இடத்திலும் நிலைத்தது. எனவே சூழல் மதிப்பிலிருந்து சாய்கோட்டில் தொடங்கும் முழுப் பாதையாகவே எழுதிவிட்டோம். அப்படித் தொடங்குவதை ஜாங்கோ மாற்றாது.

குக்கி விஷயத்தில் நீண்ட விவாதம் நடந்தது. செஷன்_குக்கி_பாத்தை '/புக்கிங்/' என்று வைத்தால் போதும், பெயரை மாற்ற வேண்டாம் என்பது மூத்த நிரலாளரின் கருத்து. கேட்பதற்குச் சரியாகவே இருக்கிறது. சோதித்தபோது அது போதவில்லை. பாதை வேறுபட்டால் உலாவி இரண்டு குக்கிகளையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளும், ஆனால் '/புக்கிங்/' கீழுள்ள பக்கங்களுக்கு இரண்டையும் அனுப்பும். '/' என்ற பாதை அவற்றுக்கும் பொருந்துமே. கோரிக்கைத் தலைப்பில் 'செஷன்ஐடி' இரண்டு முறை வந்தது. குக்கி விதிகளை வரையறுக்கும் 2011-ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 6265, நீளமான பாதையுடைய குக்கியை முதலில் வைக்கச் சொல்கிறது. உலாவி அப்படியே வைத்தது. ஜாங்கோவோ தலைப்பை இடமிருந்து வலமாகப் பிரித்து ஒரு டிக்‌ஷனரியில் இடுகிறது; ஒரே பெயர் இரண்டாம் முறை வந்தால் பிந்தையது முந்தையதை மாற்றிவிடும். முடிவில் நின்றது மாணவர் தளத்தின் குக்கி. அதாவது பாதையைச் சுருக்கிய பிறகும், மாணவர் தளத்தில் உள்நுழைந்திருக்கும் ஒருவருக்கு முன்பதிவில் நுழைய முடியாது. இதை டெவலப்பர் கருவியில் கண்ணெதிரே பார்த்த பிறகு விவாதம் முடிந்தது. செஷன் குக்கிக்கும் சிஎஸ்ஆர்எஃப் குக்கிக்கும் செயலியின் பெயரோடு தனிப் பெயர்கள் வைத்தோம், பாதையையும் சுருக்கினோம். குக்கியின் பெயரைச் சொல்லி டோக்கனைப் படித்த ஜாவாஸ்கிரிப்ட், இப்போது அதைப் பக்கத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது.

லாகின்_யூஆர்எல்லும் உள்நுழைந்த பின் செல்லும் முகவரியும் வழித்தடப் பெயர்களாக மாற்றப்பட்டன. நாட்காட்டிக்கான முகவரியை டெம்ப்ளேட்டே உருவாக்கி ஒரு தரவுப் பண்பில் வைக்கிறது. சாய்கோட்டில் தொடங்கும் சரங்களை நிரல் முழுவதிலும் தேடி, ஒவ்வொன்றையும் பார்த்தோம்.

சோதிக்கும் முறையும் மாறியது. ஜாங்கோவின் சோதனைக் கிளையன்ட் ப்ராக்ஸியைப் போல முன்னொட்டைக் கழிப்பதில்லை. ஃபோர்ஸ்_ஸ்கிரிப்ட்_நேம் வைத்துச் சோதனைகளை ஓட்டினால், ரிவர்ஸ் தரும் முகவரிகள் எல்லாம் 404 ஆகின்றன. எனவே யூனிட் சோதனைகள் முன்னொட்டு இல்லாமலே ஓடுகின்றன. முன்னொட்டுக்கென என்ஜின்எக்ஸ் வழியாகவே கோரிக்கை அனுப்பும் சிறிய நிரல் ஒன்று தனியே எழுதப்பட்டது. உள்நுழையாமல் ஓர் உள்பக்கத்தைக் கேட்டு, திசைதிருப்பப்படும் முகவரி முன்னொட்டோடு தொடங்குகிறதா என்று பார்ப்பதே அதன் முதல் சோதனை. மாணவர் தளத்தில் உள்நுழைந்த அதே உலாவியில் கைமுறையாகவும் சோதித்தோம்.

விளைவு

இரண்டாவது இடமாற்றத்தில் லாகின் புகாரோ வெளியேற்றப் புகாரோ வரவில்லை. பழைய சப்டொமைனிலிருந்து வரும் திசைதிருப்பலுக்கு இம்முறை 302-ஐயே வைத்து, ஒரு பருவம் முடியும்வரை 301-க்கு மாற்ற வேண்டாம் என்று தீர்மானித்தோம். கருவிகளின் மேல் ஒட்டப்பட்ட க்யூஆர் குறிகள் பழைய முகவரியையே தாங்கியிருப்பதால் அந்தத் திசைதிருப்பல் எப்படியும் நெடுநாள் இருக்க வேண்டும்.

ஒரு குறை மட்டும் பின்னர் தெரியவந்தது. கருவிகள் அறையில் உள்ள பார்கோடு வாசிப்பான், பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தின் மூலம் பழைய முகவரிக்குப் போஸ்ட் அனுப்பிக்கொண்டிருந்தது. 302 கிடைத்தால் அந்த நூலகம் போஸ்ட்டை 'கெட்' (தரவை வாசிக்க மட்டும் கேட்கும்) கோரிக்கையாக மாற்றிவிடும், தரவு போகவில்லை. 307 வைத்தால் போஸ்ட் போஸ்ட்டாகவே இருக்கும், ஆனால் ஹோஸ்ட் மாறும்போது ஆதரைசேஷன் தலைப்பை (அனுப்புபவரின் அடையாளச் சான்றை) அந்த நூலகம் நீக்கிவிடும். அதுவும் பாதுகாப்புக்காகச் செய்யப்படும் சரியான காரியமே. ஆகவே திசைதிருப்பலால் இதைத் தீர்க்க முடியாது என்று கண்டு, வாசிப்பானின் நிரலில் முகவரியையே மாற்றினோம்.

மீண்டும் செய்தால் மாறுபவை

சப்டொமைனை விட்டுப் பாதைக்கு வருவதா என்ற கேள்வியையே முதலில் எழுப்புவேன். குக்கியின் பாதை ஒரு பாதுகாப்பு எல்லை அன்று. ஒரே டொமைனில் உள்ள எல்லாச் செயலிகளும் உலாவியின் கண்ணில் ஒரே மூலத்தைச் சேர்ந்தவை, ஒன்றில் நுழைந்த தீய ஜாவாஸ்கிரிப்ட் மற்றொன்றின் பக்கங்களைப் படிக்க முடியும். இங்கே இரண்டு செயலிகளும் ஒரே நிறுவனத்தின் இரண்டு குழுக்களுடையவை என்பதால் அந்த இடர் ஏற்கப்பட்டது. வெளியாரிடம் வாங்கிய செயலியாக இருந்திருந்தால் சப்டொமைனை விட்டுக்கொடுக்க வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். ஒரே சான்றிதழ் வேண்டுமென்றால் வைல்ட்கார்டு சான்றிதழ் (எல்லாச் சப்டொமைன்களுக்கும் பொருந்துவது) அதற்குப் போதும்.

முன்னொட்டை யார் கழிப்பது, யார் சேர்ப்பது என்பதை எழுத்தில் முடிவு செய்த பிறகே என்ஜின்எக்ஸ் கோப்பையோ வழித்தடக் கோப்பையோ தொட வேண்டும். இந்தக் குழுவில் அது இப்போது இடமாற்றப் படிவத்தின் முதல் கேள்வி. நிரலாளரும் சர்வர் நிர்வாகியும் இருவருமே கையொப்பமிட வேண்டும். 301-ஐ எந்த இடமாற்றத்தின் முதல் நாளிலும் வைப்பதில்லை என்பதும் அதே படிவத்தில் உள்ளது.

புதிய செயலி எதுவானாலும் குக்கிகளுக்குச் சொந்தப் பெயர் வைத்தே தொடங்க வேண்டும் என்று இரண்டு குழுக்களும் ஒப்புக்கொண்டுள்ளன. மாணவர் தளம் மட்டும் இன்னமும் 'செஷன்ஐடி' என்ற இயல்புப் பெயரிலேயே இருக்கிறது. அதை மாற்றினால் உள்நுழைந்திருக்கும் அனைவரும் ஒருமுறை வெளியேற்றப்படுவார்கள் என்பதால், பருவ விடுமுறையின்போது செய்வதாக அந்தக் குழு ஏற்றுக்கொண்டிருக்கிறது. நிறுவனத்தின் புத்தக நூலகத்துக்கான செயலியும் அதே டொமைனுக்கு வரவுள்ளது, ஆனால் அதன் பிறகுதான்.